பன்னிரண்டில் நின்ற கோடு

"அணைச்சுடு சுகு, அணைச்சுடு" என்று கத்திக்கொண்டே காருக்கு அடியிலிருந்து உருண்டு வெளியே வந்தான் கௌதம். முழங்கை சிமென்ட் தரையில் சிராய்த்துக்கொண்டதை அவன் கவனிக்கவில்லை.

எஞ்சினை விட்டுப் புகைக்குழாய் பிரியும் இடம் உலையில் வைத்த கம்பி மாதிரி பழுத்துச் சிவந்திருந்தது. பக்கத்தில் எங்கேயோ ரப்பர் கருகுகிற வாடை. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த சுகுமார் சாவியைத் திருகினான். எஞ்சின் நின்றது. சூடான இரும்பு சுருங்குகிற டிக் டிக் சத்தம் மட்டும் கொட்டகையில் மிச்சமிருந்தது.

மாலை நாலு மணி. ஆறு மணிக்கு இந்தக் காரில் மாப்பிள்ளை ஏறியாகவேண்டும்.

சுகுமார் இறங்கி வந்து குனிந்து பார்த்தான். மணப்பட்டுக்காரன். படகு எஞ்சின் பார்க்கிறவன். பள்ளிக்கூடத்துச் சிநேகிதத்துக்காகக் காலையிலிருந்து இங்கேயே கிடக்கிறான்.

"எங்க ஊரு போட்டு எஞ்சினா இருந்தா, இந்நேரம் கடல்ல தள்ளி வுட்டுட்டு கரைக்கு நீந்தி வந்திருப்பேன்" என்றான்.

கௌதம் சிரிக்கவில்லை. லேப்டாப்பைத் தொடைமேல் இழுத்து வைத்துக்கொண்டு திரையையே பார்த்தான். எல்லா எண்களும் சரியாக இருந்தன. அதுதான் அவனைக் கொன்றது.

வெள்ளைக் கான்டெஸா கார். பாகூர் கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருக்கும் ஜெகநாதன், கடை தழைக்க ஆரம்பித்த காலத்தில் வாங்கியது. பாகூரில் பாதி மாப்பிள்ளைகள் இதில்தான் ஊர்வலம் போனார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் இல்லையென்று சொல்லாமல் கொடுத்தவர், தன் பெண் கீதாஞ்சலிக்கு நிச்சயம் பண்ணிய அன்றைக்கே வில்லியனூர் சம்பந்தி வீட்டாரிடம் சொல்லிவிட்டார்: மாப்பிள்ளை அழைப்புக்கு எங்கள் வண்டிதான்.

மூன்று மாதத்துக்கு முன்னால் அவருடைய மகன் கௌதம் அந்த வண்டியைத் திறந்தான்.

அவனைக் கேட்டால் நியாயம் இருந்தது. கார்புரேட்டருக்குச் சாமான் கிடைப்பதில்லை. காலையில் நாலு பேர் தள்ளினால்தான் கிளம்பும். பழைய சாதனங்களைக் கழற்றிவிட்டு, பெட்ரோலையும் பொறியையும் கணக்குப் பார்த்துக் கொடுக்கிற கம்ப்யூட்டர் ஒன்றை வெளியிலிருந்து வரவழைத்துப் பொருத்தினான். புதுச்சேரிப் பையன்களின் பழைய ஜென் கார்களுக்கு இதே வேலையைச் செய்து நல்ல பேர் வாங்கியவன்தான். அப்பா ஒரு வாரம் வெளியூர் போயிருந்த நேரம் பார்த்துச் செய்தான், அவ்வளவுதான் தப்பு. திரும்பி வந்த ஜெகநாதன் கழற்றிப் போட்ட சாமான்களைப் பார்த்தார். ஓடுகிற வண்டியைக் கொன்றுவிட்டாய் என்றார். கீதா கல்யாணத்துக்கு இது ஊர்வலம் போய்ச் சேர்ந்தால் உன்னோடு பேசுகிறேன், இல்லாவிட்டால் எனக்குப் பிள்ளை இல்லை என்று நினைத்துக்கொள்கிறேன் என்றார். அதுதான் அவர் மகனிடம் நேராகப் பேசிய கடைசிப் பேச்சு.

அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லாப் பேச்சும் அம்மா நாகம்மாள் வழியாகத்தான் போகிறது. ஒரே பந்தியில் அப்பாவும் பிள்ளையும் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். "உன் புள்ளைக்குக் கொழம்பு வேணுமான்னு கேளு" என்பார் ஜெகநாதன். "போதும்னு சொல்லும்மா" என்பான் கௌதம். நடுவில் கரண்டியோடு நிற்பாள் அம்மா. கடையிலிருந்து கரடுமுரடாகக் கிளம்பும் வார்த்தை அவள் வாய்க்கு வந்து சேரும்போது வழவழப்பாகியிருக்கும். 'அந்தத் தறுதல எங்க போயிருக்குது' என்பது, 'அப்பா உன்னத் தேடினாருப்பா' என்று ஆகும். மூன்று மாதமாக அவள் இப்படித்தான் அங்கும் இங்குமாக நடந்துகொண்டிருக்கிறாள்.

மத்தியானம் கீதாஞ்சலி வந்து கொட்டகை வாசலில் நின்றுவிட்டுப் போனாள். இரண்டு கையிலும் மருதாணி. வண்டியைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லையாம். மாப்பிள்ளை பைக்கில்கூட வந்துவிடுவாராம்.

"ஆனா நாளைக்கி மணவறையில நீயும் அப்பாவும் பக்கத்துல பக்கத்துல நிக்கணும்ணா. அங்கயும் அம்மாவ நடுவுல வுட்டுப் பேசுவாரா? அவுங்க வூட்டு ஜனமெல்லாம் பாக்குமே" என்றாள். கண் கலங்கியதைத் துடைக்க முடியாமல் மருதாணிக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே போனாள்.

கௌதம் எழுந்தான். குழாய் கறுத்து ஆறியிருந்தது. "மறுபடி போடுடா" என்றான்.

விஷயம் இதுதான். எஞ்சினுக்குள் பொறி பறக்க ஒரு நேரம் உண்டு. பிஸ்டன் ஏறி உச்சிக்கு வந்து சேரக் கொஞ்சம் முன்னால் அது பறக்கவேண்டும். ரொம்ப முந்தினால் ஏறி வருகிற பிஸ்டன் மண்டையிலேயே அடி விழும், ஓட்டையே விழுந்துவிடும். பிந்தினால் நெருப்பு எரிந்து தீர்வதற்குள் புகை வெளியேறும் வழி திறந்து, மிச்ச நெருப்பு புகைக்குழாய்க்குள் பாயும். குழாய் சிவக்கும். எஞ்சின் கொதிக்கும்.

கம்ப்யூட்டர் எந்த நேரம் கேட்டாலும் கொடுக்கும். ஆனால் உச்சி எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. மனுஷன்தான் காட்டவேண்டும். அதற்காகத்தான் எஞ்சினின் மூக்கில் சுழலும் புல்லி என்கிற வட்டில் ஒரு கோடு. துப்பாக்கி மாதிரி இருக்கும் டைமிங் லைட்டை அதன்மேல் காட்டினால், பொறி பறக்கும்போதெல்லாம் விளக்கு மின்னும். மின்னலில் பார்க்கும்போது, சுற்றுகிற கோடு அசையாமல் நிற்பதுபோல் தெரியும். லேப்டாப்பில் பன்னிரண்டு டிகிரி என்று வைத்தால், கோடு பக்கத்து அளவுத் தகட்டில் பன்னிரண்டாம் எண்ணுக்கு நேராக நிற்கவேண்டும்.

நின்றது. காலையிலிருந்து எத்தனை முறை பார்த்தாலும் அங்கேயேதான் நின்றது.

பிறகு ஏன் குழாய் சிவக்கிறது? ரேடியேட்டர் புதுசு. தண்ணீர் பம்ப் புதுசு. பெட்ரோலைக் கூட்டிப் பார்த்தான், குறைத்துப் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை. பொறியை முந்த வைத்துப் பார்த்தான். பதினாறு. பதினெட்டு. இருபது. அங்கே எஞ்சின் பிடிவாதத்தை விட்டது. அதுவரை பல் கடித்துக்கொண்டு ஓடியது, இப்போது சுளுக்கு எடுத்த மாதிரி சட்டென்று இளகிச் சீராக உறுமியது. அவன் காதுக்கே அது தெரிந்தது.

ஆனால் கோடு இருபதில் நின்றது. சும்மா நிற்கிற வண்டிக்கு இருபது என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. கோயம்புத்தூரில் ரேஸ் வண்டிகளுக்கு இதே வேலை செய்யும் சிநேகிதனுக்குப் போன் போட்டான். அவன் பதறிப்போனான். பன்னிரண்டுக்கு மேல் தொடாதே, ஆள் ஏறிக் கொஞ்சம் சுமை வந்ததும் பிஸ்டன் உருகி வழியும், கோளாறு வேறெங்கோ இருக்கிறது, தேடு என்றான்.

தேட நேரம் எங்கே இருக்கிறது. பிளக்கைக் கழற்றி உள்ளே கம்பி விட்டு உச்சியை அளந்து பார்க்கிற முறை ஒன்று உண்டு. கோடு அழிந்துபோன எஞ்சின்களுக்கு அப்படிச் செய்வார்கள். இங்கே கோடு கத்தியால் கீறினாற்போல் பளிச்சென்று இருக்கிறது. அந்த வேலைக்கு அவசியமே இல்லை என்று கௌதம் நினைத்தான்.

அவன் மறுபடி லைட்டைக் காட்டிக்கொண்டிருந்தபோது கொட்டகை வாசலில் நிழல் விழுந்தது. அப்பா. பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம், அக்குளில் சுருட்டிய துண்டு. மூன்று மாதத்தில் இந்தக் கொட்டகைப் பக்கம் அவர் காலெடுத்து வைத்ததில்லை.

ஜெகநாதன் மின்னுகிற விளக்கைப் பார்த்தார். அது காட்டுகிற கோட்டைப் பார்த்தார். பிறகு மகனின் முகத்தை நேராகப் பார்த்தார். உதடு பிரிந்தது. என்ன நினைத்துக்கொண்டாரோ, முகம் சுண்டிப்போயிற்று. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்த வழியே போய்விட்டார்.

"இன்னாடா இது, சாமி வந்துட்டு மலையேறிட்ட மாதிரி கீது" என்றான் சுகுமார்.

சற்று நேரத்தில் அம்மா வந்தாள். அஞ்சரைக்கெல்லாம் வண்டி பிள்ளையார் கோயில் வாசலில் நிற்கவேண்டுமாம். வேறு கார் ஏதாவது ஏற்பாடு பண்ணச் சொல்லும்மா என்றான் கௌதம். அதற்கு அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார் என்று அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அவள் அவன் முகத்து எண்ணெய்க் கறையை முந்தானையால் துடைத்துவிட்டுப் போனாள்.

பன்னிரண்டிலேயே வைத்துப் பானெட்டை மூடினான். ஊர்வலம் ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது, தாங்கும் என்று சுகுமாரிடம் சொன்னான். தனக்கும் சொல்லிக்கொண்டான்.

மாப்பிள்ளைக்கு மாலை போட்டு, மோதிரம் போட்டு, கையைப் பிடித்துக் காரில் ஏற்றுவது பெண்ணின் அண்ணன் பாத்தியதை. கௌதம் அதைச் செய்துவிட்டு ஓடிவந்து ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தான். பக்கத்து இருக்கையில் சுகுமார், மடியில் லேப்டாப், அதன்மேல் ஒரு துண்டு. பின்னால் ஷெர்வானியில் கலைவேந்தன். நல்ல பையன், வாயாடி.

ருக்குமணி அத்தை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். மாப்பிள்ளை ஏறின வண்டி மண்டபத்து வாசலில்தான் அணையணும், நடுவழியில் அணைஞ்சா ஆகாது, தெரியுமில்ல என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். அப்பாவின் அக்கா. அவள் சொன்னதற்கு மறுபேச்சு கிடையாது.

செண்டை மேளம் முழங்கியது. வண்டி நகர்ந்தது. நகர்ந்தது என்று சொல்வதே அதிகம். வழியில் சொந்தக்காரர் வீடு ஒவ்வொன்றின் முன்னாலும் ஊர்வலம் நிற்கும். அந்த வீட்டுப் பெண்கள் தட்டோடு வந்து ஆரத்தி சுற்றுவார்கள். அது முடிய மேளக்காரர்கள் ஒரு சுற்று ஆடுவார்கள். கடைத்தெருவில் ஜெகநாதனுக்கு உறவில்லாத வீடு எது? நிற்கிற வண்டிக்குக் காற்றும் கிடையாது. பன்னிரண்டில் முனகிக்கொண்டு, உள்ளுக்குள்ளேயே வெந்துகொண்டிருந்தது எஞ்சின்.

சுகுமார் துண்டுக்கு அடியில் எட்டிப் பார்த்து எஞ்சினின் சூட்டை முணுமுணுத்தான். தொண்ணூத்தாறு. அடுத்த வீட்டில் நூறு. அதற்கடுத்த வீட்டில் ஆரத்தித் தட்டோடு வந்த கிழவி மாப்பிள்ளையின் கன்னத்தை வழித்து, அவன் தாத்தா யார் என்று விசாரித்து, அப்புறம்தான் சுற்ற ஆரம்பித்தாள். நூத்தி நாலு.

"மச்சான், கால்கிட்ட அடுப்பு வச்சிருக்கீங்களா, சூடு ஏறுதே" என்றான் கலைவேந்தன்.

"புது எஞ்சின் செட்டிங், மாப்ள. கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்" என்றான் கௌதம். வியர்வை அவன் கழுத்திலிருந்து பட்டுச்சட்டைக்குள் இறங்கியது.

சுகுமாரிடம் இருபது வை என்றான். அவன் விரல் அசைந்தது. எஞ்சின் உடனே மாறியது. முனகல் போய் உறுமல் வந்தது. ஸ்டீயரிங்கின் நடுக்கம் அடங்கியது. இருபத்திரண்டு வை. இன்னும் நன்றாக இருந்தது. நூத்தி ரெண்டு என்றான் சுகுமார். அப்புறம் நூறு என்றான். அவன் குரலிலேயே சிரிப்பு தெரிந்தது. முன்னால் நடந்துபோன அப்பாவின் முதுகைப் பார்த்தான் கௌதம். மண்டபம் ஏரிக்கரைத் திருப்பத்தைத் தாண்டினால் வந்துவிடும். இறங்கியதும் அவர் என்ன சொல்வார்? சாப்பிட்டியா என்று கேட்டால்கூடப் போதும். நேராகக் கேட்டால் போதும்.

அப்போதுதான் எவனோ சரவெடியைக் கொளுத்தினான்.

வெடி வெடித்து ஓய்ந்ததும் செண்டை உச்சத்தில் ஏறியது. அதற்குள் வேறொரு சத்தம் கேட்டதாக கௌதமுக்குத் தோன்றியது. டக் டக் டக் என்று, இரும்பில் சுத்தியல் தட்டுகிற மாதிரி. பிஸ்டன் அடி வாங்கினால் இப்படித்தான் கேட்கும். செண்டையா, எஞ்சினா? காதைச் சாய்த்தான். பதினைந்து பேர் கோல்களால் அடித்துக்கொண்டிருக்கும் இடத்தில் எதைத் தனியாகக் கேட்பது? இருபத்திரண்டு. புத்தகத்தில் இல்லாத எண். கோயம்புத்தூர்க்காரன் சொன்னது நினைவுக்கு வந்தது. பின்னால் மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறான்.

வண்டி ஒன்று சொன்னது, கோடு ஒன்று சொன்னது. அவன் கோட்டை நம்பினான்.

"பன்னெண்டுக்கு வந்துடு" என்றான்.

"நல்லாத்தானடா ஓடுது."

"வந்துடு சுகு."

ஏரிக்கரைத் திருப்பத்தில் நூத்திப் பத்து. அங்கே கடைசி ஆரத்தி. இரண்டு வீட்டுக்காரர்களும் ஒரே நேரத்தில் தட்டோடு வந்து, யார் முதலில் என்று மரியாதை பேசிக்கொண்டு நின்றார்கள். சுகுமார் எண்ணைச் சொல்வதை நிறுத்திவிட்டான். கௌதமின் கை சாவிமேல் போயிற்று. எதிரே ருக்குமணி அத்தை காரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கை திரும்பி வந்தது.

முதலில் பானெட்டின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு நூல். பிறகு புஸ்ஸென்று மொத்தமாகக் கிளம்பியது. ஆரத்தித் தட்டோடு பெண்கள் பின்னால் பாய்ந்தார்கள். உள்ளே எதுவோ கரகரவென்று இழுத்தது, ஒரு குலுக்கல், அவ்வளவுதான். சாவியைத் திருகினான். அசையவில்லை. இன்னொரு முறை திருகினான். இரும்போடு இரும்பு ஒட்டிக்கொண்டு எஞ்சின் இறுகிவிட்டது.

மேளம் ஒவ்வொன்றாக நின்றது.

மாப்பிள்ளையின் சித்தப்பா பலராமன் ஆவியைக் கையால் விலக்கிக்கொண்டு, பொண்ணு வூட்டுல புட்டு அவிக்கிறாங்க போல என்றார். வில்லியனூர்க்காரர்கள் சிரித்தார்கள். கலைவேந்தன் சிரிக்கவில்லை. நான் இறங்கி நடக்கிறேன் மச்சான் என்றான். நடுவழியில் மாப்பிள்ளை இறங்கக்கூடாது என்று நாலு குரல்கள் அவனை அமுக்கின.

ஜெகநாதன் முன்னாலிருந்து வந்தார். சம்பந்திகளைப் பார்த்துக் கும்பிட்டார். காருக்குப் பின்னால் போனார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோளைக் கொடுத்தார். பங்காளிகள் ஓடிவந்து சேர்ந்துகொண்டார்கள்.

கௌதமுக்குச் செய்ய ஒன்றுமில்லை. கியரை நடுவுக்குத் தள்ளிவிட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கண்ணாடியில் மாலைக்கும் ஷெர்வானிக்கும் அப்பால், கழுத்து நரம்பு புடைக்கக் குனிந்த அப்பாவின் தலை தெரிந்தது. மண்டபம் வரைக்கும் தெரிந்தது.

மாப்பிள்ளையை உள்ளே அழைத்துப் போனபிறகு, காரைச் சமையல்கட்டுப் பக்கமாகத் தள்ளி ஓரம் கட்டினார்கள். சுகுமார் தண்ணீர் கொண்டுவரப் போனான். கௌதம் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா நின்றான். அம்மா ஒரு டம்ளர் காப்பியோடு வந்தாள். அவளுக்குப் பின்னாலேயே அப்பாவும் வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மகனுக்கும் அவருக்கும் நடுவில் அவள் நின்றாள், வழக்கம்போல.

"நாகம்மா" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுவே பயமாக இருந்தது. "காலையில சொல்லி அனுப்புனதக் காதுலயே போட்டுக்காதவன்கிட்ட இனிமே எந்தச் சேதியும் எடுத்துகினு போகாத. நானும் சொல்ல மாட்டேன். முடிஞ்சிபோச்சு."

போய்விட்டார். உள்ளே நாயனக்காரர் சுதி சேர்த்துக்கொண்டிருந்தார்.

கௌதம் அம்மாவைப் பார்த்தான். "காலைல இன்னாம்மா சொல்லி அனுப்புனாரு? எனக்கு எதுவும் வரலியே."

அவள் காப்பி டம்ளரை ரேடியேட்டர் மேல் வைத்தாள். சுட்டதும் எடுத்தாள். எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"முன்னாடி சுத்துமே ஒரு வட்டு" என்றாள். "அது இந்த வண்டியோடது இல்லியாம். நீ சின்னப் புள்ளையா இருந்தப்போ பழசு ஒடைஞ்சிபோயி, கடலூர்ல பழைய இரும்புல வேற எந்த வண்டியோடதையோ வாங்கி, கடைசல் பட்டறையில குடுத்துச் சரிபண்ணி மாட்டுனாராம். அதுல கீற கோடு பொய்யாம். அத நம்பி எதுவும் வைக்க வேணாம்னு, நீ எழுந்ததும் மொத வேலையா உன்கிட்ட சொல்லச் சொன்னாரு."

கௌதம் குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தான். "சொல்லியிருக்கலாமேம்மா. மறந்துட்டியா?"

"மறக்கலடா." அவள் தலை நிமிரவில்லை. "நான் சொல்லாம வுட்டா, வேற வழியில்லாம அவரே வந்து உன்கிட்ட வாயத் தொறப்பாருன்னு நெனச்சேன்."